பூச்சிக்கடி சீழ் பிடித்துவிட்டால் மருந்துக்கடையிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாமா?

இங்கிலாந்தில் உங்கள் மகளுக்குப் பூச்சி கடித்துப் புண்ணானபோது மருந்துக்கடையிலேயே பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், காரைக்குடியில் ஏன் அப்படி வாங்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கடி பட்டிருப்பவர் உங்கள் வீட்டுப் பெரியவர் என்றே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பரிசோதித்து மருந்து தரலாம். தொற்றுப் பிடித்த பூச்சிக்கடி அவற்றில் ஒன்று. அங்கே அவர் தனியறையில் உட்காரவைத்துப் பார்த்து, வகுத்துக் கொடுத்த விதிப்படி முடிவெடுக்கிறார். நம் நாட்டில் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

சென்ற ஐப்பசியில், முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்காக, நெடுநாள் பூட்டிக் கிடந்த பள்ளத்தூர் வீட்டைத் திறந்தோம். இரண்டாங்கட்டில் அடுக்கியிருந்த பழைய பாய்களை ஆத்தா எடுத்துத் தட்டியபோது கணுக்காலுக்கு மேல் ஏதோ கடித்தது, இரவெல்லாம் சொறிந்திருக்கிறார். கடித்த சில மணி நேரத்திலேயே வரும் தடிப்பும் அரிப்பும் பெரும்பாலும் ஒவ்வாமைதான் என்பதால் நாங்களும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் அந்த இடம் வெற்றிலை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது; நடுவில் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. ஆத்தாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

முதலில் போன கடையில், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழுக்கு உரியவர் இல்லை. இருந்த பையன் காலைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு களிம்பையும், அட்டையிலிருந்து கத்தரித்த நான்கு மாத்திரைகளையும் கொடுத்தான். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிக் காட்டும், ஆனால் அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பாற்றலையும் குறைத்துவிடுவதால் உள்ளிருக்கும் தொற்று பரவ வழிவிடும். ஒரு நாள் ஆறியது போலிருந்து, மறுநாள் சிவப்பு முழங்காலை நோக்கி ஏறியது. சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாயிற்று. சான்றிதழை மட்டும் மாட்டிவைத்துக் கடை நடத்துவதை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? எல்லாக் கடைக்காரர்களையும் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஏனெனில் ஆத்தாவின் காலைக் காப்பாற்றியவரும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான்.

காரைக்குடியில் அவர் கடைக்குப் போனபோது, ஆத்தாவை முக்காலியில் உட்காரவைத்துப் புறங்கையால் சூடு பார்த்தார். சர்க்கரை அளவு கேட்டார். உடம்பில் எங்கேனும் கருகிய பொருக்கு இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்றும் கேட்டார். கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் என்ற காய்ச்சலில் சிகரெட் சுட்டது போல ஒரு தடம் விழுமாம், அதற்கு மருந்தே வேறாம். பிறகு சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து, சிவப்பின் ஓரத்தை ஒட்டிக் காலில் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் மணியையும் எழுதினார்.

"ஆச்சி, இதுக்கு நான் மருந்து குடுக்கக் கூடாது. இன்னைக்கே டாக்டரைப் பாத்துருங்க. செவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுனாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். ஒரு ரூபாய்க்குக்கூட விற்காமல் எங்களை அனுப்பினார்.

தோலுக்கடியில் பரவும் தொற்று, செல்லுலைட்டிஸ் என்றார் மருத்துவர். ஆகவே, வெறும் அரிப்பும் தடிப்பும் என்றால் நல்ல மருந்தாளுநரிடம் தாராளமாகப் போங்கள்; வலி, சூடு, சீழ், பரவும் சிவப்பு, கூடவே சர்க்கரை நோய் என்றால் அவரிடம் மாத்திரை கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

சீட்டோடு அதே கடைக்குத்தான் திரும்பிப் போனோம். ஏழு நாள் மாத்திரையையும் எண்ணிக் கொடுத்து, புண் ஆறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது என்று ஆத்தாவிடம் இருமுறை சொன்னார். மூன்றாம் நாள் காலையில் சிவப்பு கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அதுவரை அந்தக் கோடு அழிந்துவிடக் கூடாதென்று ஆத்தா காலை நனைக்காமலேயே குளித்துவந்தார்.