டிரில் பிட் கருகுவது ஏன்? வடசென்னைப் பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகள்

காசிமேட்டில் படகு வேலை செய்யும் தம்பி: அண்ணே, 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்டில் 10 மி.மீ. ஓட்டை போடுகிறேன். ரெண்டாவது ஓட்டைக்கே பிட் கருகிவிடுகிறது. விலை கூடின பிட் வாங்கினால் சரியாகுமா?

பிட்டை மட்டும் மாற்றினால் போதாது தம்பி, மெஷின் வேகத்தையும் மாற்ற வேண்டும். 304 என்பது தேய்க்கத் தேய்க்க இறுகுகிற உலோகம். வேகமாகச் சுற்றவிட்டு மெதுவாக அழுத்தினால் பிட் வெட்டாது, தேய்க்கும். தேய்த்த இடம் கெட்டியாகிவிட்டால் அடுத்து எந்த பிட் வைத்தாலும் இறங்குவது கஷ்டம்.

எம்35 பிட் வாங்குங்கள். 5 சதவீதம் கோபால்ட் கலந்தது, சூட்டைத் தாங்கும். முனை 135 டிகிரி, ஸ்ப்ளிட் பாயின்ட் (நுனியைப் பிளந்து தீட்டியது) என்று கேளுங்கள். அது வழுக்காமல் நிற்கும். வேகம் நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்று. கட்டிங் ஆயில் ஊற்றிக்கொண்டே, விடாமல் அழுத்துங்கள். சுருள் சுருளாக வந்தால் பிட் வெட்டுகிறது. தூளாக வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கணும். பிளேட்டை கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். கையுறை வேண்டவே வேண்டாம், சுற்றுகிற பிட் அதைக் கையோடு இழுத்துவிடும்.

வியாசர்பாடி கிரில் பட்டறை: அப்படியானால் எல்லா வேலைக்கும் கோபால்ட்டே வாங்கிவிடலாமா சார்?

வேண்டாம். எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஆங்கிள், ஃபிளாட்டுக்கு 118 டிகிரி முனையுள்ள சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டே தாராளம். 10 மி.மீ.க்கு 800 சுற்று வையுங்கள். கோபால்ட் கடினமானது, ஆனால் வளையாது. கை மெஷினில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும். தங்க நிறப் பிட்டில் இருப்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. சாணை பிடித்தால் முனையில் பூச்சு போய்விடும், அடியில் இருக்கும் எஃகுதான் மிச்சம்.

ராயபுரம், வீட்டு உபயோகத்துக்கு: சுவர் ஓட்டை போடும் பிட்டால் ஜன்னல் கம்பியில் போடலாமா?

கூடாது. அது கல்லை நொறுக்கும் முனை, இரும்பைச் சீவாது. ஹெச்.எஸ்.எஸ். மாட்டி, ஹேமர் பட்டனையும் அணைத்துவிடுங்கள். முதலில் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி, ஓட்டை வரும் இடத்தில் சின்னக் குழி போடுங்கள்.

பெரம்பூர் லேத்: பித்தளையில் பிட் குபீரென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது அண்ணே.

வெட்டும் விளிம்பு அதற்கு அளவுக்கு மேல் கூர். எண்ணெய்க் கல்லால் விளிம்பின் முன்பக்கத்தை லேசாகத் தட்டையாக்குங்கள், இழுப்பது நின்றுவிடும். அந்தப் பிட்டைப் பித்தளைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர், ஐ.டி.ஐ. மாணவர்: எம்8 டேப்புக்கு (8 மி.மீ. மரை வெட்டும் கருவி) என்ன பிட் சார்?

6.8 மி.மீ. விட்டத்திலிருந்து பிட்சை (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) கழித்தால் வரும்: 8-இல் 1.25 போனால் 6.75, கடையில் கிடைப்பது 6.8. எம்6-க்கு 5, எம்10-க்கு 8.5.

திருவொற்றியூர்: 8 பிட் போட்டால் ஓட்டை 8.3 வருகிறது. பிட் போலியா?

பெரும்பாலும் சாணைதான் காரணம். பிட் முனையின் இரண்டு உதடும் (வெட்டும் விளிம்பு) ஒரே நீளம், ஒரே கோணம் இல்லையென்றால் ஓட்டை பெரிதாகும். டிரில் கேஜ் (முனைக் கோணமும் உதட்டு நீளமும் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் சக் (மெஷினில் பிட்டைப் பிடிக்கும் பகுதி) ஆடுகிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கப் பாரிமுனைக்குப் போனால், தண்டில் ஹெச்.எஸ்.எஸ். என்ற முத்திரையும் அளவும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.