மனநல ஆலோசகர் என்ன படித்திருப்பார், என்ன செய்வார்?

காரைக்குடிப் பக்கம் மனநல ஆலோசகரைத் தேடும்போது அவருடைய படிப்பையும் அணுகுமுறையையும் எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஒன்பது ஆண்டுகளாக இப்பணியைச் செய்பவள் என்பதால், என்னை வைத்தே சொல்கிறேன்.

உளவியலில் முதுகலை முடித்த பின், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு எம்.பில். மருத்துவ உளவியல் படித்து, அம்மன்றத்தில் பதிவு செய்துகொண்டேன். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டியிருப்பவரிடம் அந்தப் பதிவெண்ணைத் தயங்காமல் கேளுங்கள். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

'ஆலோசனை' என்ற சொல்தான் இங்கே பெரிய இடைஞ்சல். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவ கேட்டுக்குவா" என்று மகளை முன்னால் தள்ளிவிட்டு, ஆத்தாவும் அப்பத்தாவும் கூடவே உட்கார்ந்துவிடுவார்கள். பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்குள்ள செட்டிநாட்டுப் பெரிய வீடான வளவில் வளர்ந்தவள் நான். பின்புறத்து இரண்டாங்கட்டில் விட்ட பெருமூச்சுக்கு வாசல்பக்க முகப்பில் காரணம் கேட்பார்கள். அத்தனை அறைகள் உள்ள வீட்டில் தனியாக அழ ஓர் இடம் கிடைக்காது. ஆகவே வந்தவரைத் தவிர மற்றவர்களை வெளியே அமரச் சொல்வதே என் முதல் வேலை. பேசியதை ரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படியும் கடமை என்பதையும், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். (சில அப்பத்தாக்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.)

முதல் சில அமர்வுகளில் பெரும்பாலும் கேட்பது மட்டும்தான். தீர்ப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்வதை அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் எழுத்துகளில் கற்றேன். அதன் பிறகே அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய, நம் நினைப்புகளை நாமே சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சைக்கு வருவேன். புதிதாகத் திருமணமான பெண், வீட்டுக் கூடமான பட்டாலையில் எழும் சிரிப்பெல்லாம் தன்னைப் பற்றியதே என்று குமைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அப்படியெல்லாம் இருக்காது" என்று நான் சொல்லமாட்டேன். நடந்தது என்ன, அவள் நினைத்தது என்ன, அந்த நினைப்புக்குச் சாதகமாகவும் எதிராகவும் கண்ணால் கண்டவை எவை என்பதை அவளே நோட்டில் எழுதி வருவாள். சில சமயம் அந்தச் சிரிப்பு உண்மையிலேயே அவளைப் பற்றியதாக இருக்கும்; அப்போது அந்த வீட்டில் எதை, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை ஒத்திகை பார்ப்போம்.

இரவில் மனம் தாங்காமல் போனால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுவண் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.