மோட்டார்ஹோம் மலையேறத் திணறினால் கோளாறு இன்ஜினில்தானா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். எங்களுடையது 2012 மாடல் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி. ஃபோர்டு எஃப்-53 சேஸிஸ் (வீட்டைத் தாங்கும் அடிச்சட்டம்), பெட்ரோலில் ஓடும் 6.8 லிட்டர் வி10 இன்ஜின். பின்னால் ஹோண்டா சிஆர்-வி காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கொலராடோ போனோம். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும்போது வேகம் 40 மைலைத் தாண்டவே இல்லை, இன்ஜின் அலறியது. ஏர் ஃபில்டர், ஹெடர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் மாற்றுக் குழாய்கள்), சிப் எல்லாம் சேர்ந்த ‘பவர் கிட்’ போட்டால் சரியாகிவிடும் என்கிறது ஒரு கடை. போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் இன்ஜினில் கோளாறு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சுரங்கம் கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். உங்கள் வி10-இன் 362 குதிரைத்திறன் அங்கே 240 பக்கம் வந்துவிடும். வண்டியும் காரும் சேர்ந்து 26,000 பவுண்டு என்றால், 6 சதவீத ஏற்றத்தில் 45 மைல் வேகத்தில் அந்த எடையைத் தூக்க மட்டுமே 185 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு, கியர்பாக்ஸில் போகும் நஷ்டம் எல்லாம் தனி. ஆக, 40 மைலில் ஏறியது சரியான வேகம்தான்.

அலறலுக்கும் பயப்பட வேண்டாம். இந்த இன்ஜின் முழு சக்தியைத் தருவதே 4,750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4,750 சுற்றில்). இன்ஜின் உங்கள் காலடியிலேயே இருப்பதால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், உள்ள சக்தியும் கைக்கு வராமல் போகிறது. பாரம் இழுக்கும்போது பயன்படுத்தும் டோ/ஹால் பொத்தானைப் போட்டு, தானாகக் கியர் இறங்க விடுங்கள். வெப்பமானியை மட்டும் கவனியுங்கள்.

இனி அந்தக் கடை விஷயம். ஏர் ஃபில்டர் மாற்றினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். ‘சிப்’ என்று விற்கும், ஓபிடி பிளக்கில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் இடம்) செருகும் மலிவுப் பெட்டிகளைப் பிரித்துப் பாருங்கள்: பலவற்றில் விளக்கை மினுக்கும் சர்க்யூட்டைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஹெடர் விற்பவர்களிடம்தான் மிகவும் எச்சரிக்கை தேவை. இந்த வி10-இல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்; ஹெடர் இதற்குப் பதிலாகப் போடுவதுதான்) பிடித்திருக்கும் ஸ்டட்கள், அதாவது திருகாணிகள், துருவேறி உடைந்து இடுக்கு விழுவது வழக்கம். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்கும், சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் அடங்கிவிடும். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துபோய் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். இது ரிப்பேர் வேலை. ஆனால் கடைக்காரர் இதையே காட்டி, ‘எப்படியும் கழற்றப் போகிறோம், ஹெடரே போட்டுவிடலாம்’ என்று முழு கிட்டையும் தலையில் கட்டிவிடுவார். ஸ்டட் மட்டும் மாற்ற என்ன ஆகும் என்று தனியாக எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் முழுதாகத் தள்ளமாட்டேன்: இன்ஜின் கம்ப்யூட்டரையே மறுபடி புரோகிராம் செய்யும் ட்யூனிங். அதுவும் குதிரைத்திறனுக்காக இல்லை. கியர் மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டே இருப்பது குறையும், மிதித்ததும் இன்ஜின் பதில் சொல்லும், ஓட்டுபவருக்குக் களைப்பு குறையும். ஆனால் எஃப்-53-க்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும், பிக்கப்புக்கு எழுதியதைப் போடக்கூடாது. பழைய புரோகிராமைத் திருப்பிப் போடும் வசதி வேண்டும். 87 ஆக்டேன் என்ற சாதாரணப் பெட்ரோலுக்கே எழுதியதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்கிலும் உயர்ரகப் பெட்ரோலுக்குக் காசு அழ வேண்டியிருக்கும். கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் இஓ எண் (புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்காது என்று வாரியம் தரும் ஒப்புதல் எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்சாஸ்காரருக்கு அது எதற்கு என்று கடைக்காரர் சிரிப்பார். புகைக் கட்டுப்பாட்டைக் கெடுப்பது நாடு முழுவதும் சட்டவிரோதம், அந்த எண்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

எதைப் போட்டாலும் மாறாத எண் ஒன்று இருக்கிறது: ஜிசிடபிள்யூஆர், அதாவது வண்டியும் பின்னால் இழுபடும் காரும் சேர்ந்த எடைக்கான உச்சவரம்பு. வண்டி மட்டும் 22,000 பவுண்டு வரை இருக்கலாம் என்ற எஃப்-53-க்கு இது 26,000. வண்டி நிறைய சாமான் ஏற்றியிருந்தால் காருக்கு மிஞ்சுவது 4,000தான். ஆனால் பின்னால் இருக்கும் கொக்கியில் 5,000 என்று பெரிதாகப் பொறித்திருக்கும், விற்பவரும் அதையே சொல்லுவார். விளக்கம் கேட்டால் சேஸிஸ் செய்தவர், அதன்மேல் வீட்டைக் கட்டிய நிறுவனத்தாரைக் கேள் என்பார், அவர் இவரைக் காட்டுவார். இத்தனை வருடமாக இதை ஒழுங்குபடுத்த ஆளில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கும். தண்ணீர், பெட்ரோல், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு காரோடு ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஏற்றத்தின் அடிவாரத்தில் காரைக் கழற்றி வீட்டில் ஒருவர் ஓட்டி வரட்டும். 3,500 பவுண்டு குறைந்தால் 45 மைல் வேகத்தில் 30 குதிரைத்திறன் அளவுக்கு மிச்சம். செலவே இல்லாத பவர் கிட் இதுதான்.

சிஆர்-வி-யில் துணை பிரேக் (நீங்கள் பிரேக் மிதித்ததும் பின்னால் வரும் காரிலும் பிரேக் பிடிக்கவைக்கும் கருவி) பொருத்தியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். அந்தச் சுரங்கத்தைத் தாண்டி டென்வர் பக்கம் இறங்கும்போது காரின் எடையும் உங்கள் பிரேக்கின் மேல்தான் விழும்.