கையில் காசு வந்தால் போதுமா?

வணக்கம். எத்தியோப்பியாவின் புட்டஜிரா கிராமங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கட்டிய கணவனே மனைவியை வல்லுறவு கொள்வது அங்கே இவ்வளவு சாதாரணமா? வறுமையும் பழங்குடிப் பழக்கமும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்கள் நாலு காசு சம்பாதிக்கத் தொடங்கினால் சரியாகிவிடும் அல்லவா?
ச.

அன்புள்ள ச.,

பழங்குடிப் பழக்கம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட ஆய்வுக்காகப் புட்டஜிராவில் சுமார் 3000 பெண்களிடம் பேசினார்கள். தனியே வைத்துப் பெண்களே கேட்டார்கள். கணவராலோ துணைவராலோ பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். அடி உதை பட்டவர்கள் 49 சதவீதம். ஆய்வு நடந்த மற்ற நாடுகளில் பெரும்பாலும் அடிதான் அதிகம், இங்கே தலைகீழ். மறுத்தால் என்ன செய்வானோ என்று பயந்து இணங்கியதையும் வன்முறையாகவே கணக்கில் எடுத்தார்கள். எடுக்கத்தான் வேண்டும். பயந்து கிடப்பவளிடம் சம்மதம் எங்கே இருக்கிறது?

அந்தக் கணவனுக்குத் தான் செய்வது குற்றமாகவே படுவதில்லை. சட்டமும் அவன் பக்கம்தான். 2005-ல் நடைமுறைக்கு வந்த எத்தியோப்பியக் குற்றவியல் சட்டம், திருமண உறவுக்கு வெளியே நடந்தால்தான் வல்லுறவு என்கிறது. கென்யாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் கணவனுக்கு விலக்கு கொடுத்தது. இவையெல்லாம் படித்தவர்கள் தலைநகரில் உட்கார்ந்து எழுதியவை. இந்தியச் சட்டத்திலும் அதே விலக்கு உண்டு என்பதால், ஆப்பிரிக்கக் கிராமத்தானை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே ஆப்பிரிக்காவில்தான் தென்னாப்பிரிக்கா 1993-லும் நமீபியா 2000-லும் மனைவி மீதான வல்லுறவைக் குற்றமாக்கின.

சம்பாத்தியம் பற்றிக் கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துக் கிராமங்களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத் தொழில் செய்யச் சிறுகடன் கொடுத்தார்கள், நம் மகளிர் குழுக்கள் போலத்தான். ஆனால் தவணை கட்டக் கூடும் கூட்டத்திலேயே உடலைப் பற்றி, எச்ஐவி பற்றி, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்கள். பிறகு அந்தப் பெண்களே ஊரிலுள்ள ஆண்களையும் இளைஞர்களையும் கூட்டிப் பேசினார்கள். சுமார் இரண்டே ஆண்டில், துணைவரால் நேரும் உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் 55 சதவீதம் குறைந்ததாக 2006-ல் அறிக்கை வந்தது. என்னைப் பெரிதும் நம்பிக்கை கொள்ளவைத்த செய்தி இது.

கடன் மட்டும் கொடுத்த கிராமங்களோடும் பின்னர் ஒப்பிட்டார்கள். அங்கேயும் குடும்பத்தின் கைநிலை தேறியிருந்தது. வன்முறை அப்படிக் குறைந்திருக்கவில்லை. ஆகவே புட்டஜிராவுக்குக் கடன் கொண்டுபோகிறவர்கள் அந்தப் பேச்சுக்கான ஆட்களையும் மாதங்களையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்கிறேன்.