தொழிற்சாலையில் புதிதாக மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறேன். விபத்து நடக்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். தரை வழுக்குகிறதா, மிஷினுக்கு மூடி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். எல்லாம் தேவைதான். பாதுகாப்புப் படிப்பு முடித்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். பட்டியலை நான் குறை சொல்லவில்லை. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மேற்பார்வை பார்த்தவன் நான். சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. காலையில் மூக்கைத் துளைத்த அழுகிய முட்டை வாடை, குழி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனது. “வாடை போய்விட்டது, இறங்கு” என்று சொன்னவன் நான்தான். சுண்ணாம்பு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். “வாடை திடீரென்று நின்றால் நம்பாதீர்கள் தம்பி” என்று சொல்லி, இறங்கப்போன பையனின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். நேரமாகிறதே என்று எனக்குக் கோபம். பையன் நான்கு படி இறங்கிக் கோலால் சேற்றைக் கிளறினான், அப்படியே சரிந்தான். அவன் அண்ணன் பின்னாலேயே குதிக்கப் போனான். பெரியவர் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, எங்களோடு சேர்ந்து கயிற்றை இழுத்தார். பையன் பிழைத்தான்.

முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு கலந்த கழிவும், அமிலம் கலந்த கழிவும் ஒரே குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தேங்கும். 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்து வாடையே தெரியாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 36 இதற்குத்தான் இருந்தது. அது சொன்னது: சோதித்துப் பார்த்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்தே இறங்க வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் சட்டம் படித்தவரல்லர்.

வாடை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடித்து வேலூர் பஸ்ஸில் ஏறினால் எங்கள் ஆட்களின் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அந்தத் தோலில் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டே மூக்கைப் பொத்துகிறவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று, ஆட்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பாருங்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். வேலையில் இருந்தவர்கள் அல்லர், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

நாளைக் காலை பட்டியலை மேசையிலேயே வைத்துவிட்டு, அங்கே அதிக நாள் வேலை பார்த்தவரோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்த இடத்தில் அவர் நடையை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.