மண் சரியாக இறுகாததால் ஓர் அணுமின் நிலையத்தையே கைவிட்டார்கள் என்பது உண்மையா?

முழுக் கேள்வி இது: "அமெரிக்காவில் கட்டி முடிக்கப்போகும் நேரத்தில் கட்டடம் மண்ணில் இறங்கியதால் ஓர் அணுமின் நிலையத்தைக் கைவிட்டார்களாமே? அணு உலை கட்டத் தெரிந்தவர்களுக்கு மண்ணை இறுக்கத் தெரியாதா?"

பாதி உண்மை. நீங்கள் கேட்பது மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நிலையம். ஆனால் அங்கே இறங்கியது அணு உலை அல்ல. உலைக்குப் பக்கத்தில் யாரும் பெரிதாக எண்ணாத ஒரு கட்டடம். நான் பல வருடங்களாக சைட்டில் மண் பரிசோதனை பார்க்கிறவன். இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்ன பேராசிரியர் இதை ஒரு எச்சரிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது உறைத்தது, நானே ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு. அதையும் சொல்கிறேன்.

மிட்லண்ட், டிட்டபவாசி ஆற்றங்கரை ஊர். கன்ஸ்யூமர்ஸ் பவர் என்ற மின் நிறுவனம் அங்கே இரண்டு உலைகள் கட்டப்போவதாக 1967-ல் அறிவித்தது. கட்டுமானம் பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனத்தின் கையில். பக்கத்திலேயே டவ் கெமிக்கல் ஆலை. மின்சாரத்தோடு நீராவியையும் டவ்வுக்கு விற்பதுதான் திட்டம். ஆற்றங்கரை தாழ்வான இடம் என்பதால் மனையை உயர்த்த வேண்டும். உலைக் கட்டடங்களை அடியில் இருந்த கெட்டியான இயற்கைக் களிமண் வரை தோண்டி இறக்கி உட்கார வைத்தார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றியுள்ள சில கட்டடங்கள் மட்டும், 1975 முதல் 1977 வரை கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் நின்றன. சில இடங்களில் அந்த மண் ஏறக்குறைய 30 அடி ஆழம்.

அப்படி நின்ற ஒன்றுதான் டீசல் ஜெனரேட்டர் கட்டடம். நான்கு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஜெனரேட்டர் ரூம்தானே என்று நினைக்க வேண்டாம். உலையை நிறுத்தினாலும் அதற்குள் சூடு பிறந்துகொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து வரும் கரண்ட் போய்விட்டால் குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட இந்த டீசல்தான் கதி. 2011-ல் ஃபுகுஷிமாவில் ஜெனரேட்டர்கள் கடல் நீரில் மூழ்கியபின் என்ன ஆனது என்று பார்த்தோமே. அதனால் அணுமின் நிலையத்தில் இந்தக் கட்டடத்துக்கும் பாதுகாப்புக் கட்டடம் என்றுதான் பெயர்.

1978 கோடையில் அளந்து பார்த்தால் கட்டடம் எக்கச்சக்கமாக இறங்கியிருந்தது. 40 வருட ஆயுளுக்கும் சேர்த்து எவ்வளவு இறங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ, அதைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே தாண்டிவிட்டது. அதுவும் சீராக இறங்கவில்லை. கேபிள் போவதற்காக அடியிலிருந்து மேலே வந்த கான்கிரீட் டக்ட்டுகள் கட்டடத்தை ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டன. மறுபக்கம் இறங்க, சுவரில் வெடிப்பு. அந்த டக்ட்டுகளைக் கட்டடத்திலிருந்து அறுத்துப் பிரித்த பிறகுதான் அந்தப் பக்கமும் இறங்க ஆரம்பித்தது. முழுக் கட்டடமும் ஒரே அளவாக இரண்டு அங்குலம் இறங்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஒரு மூலை ஒன்று, மறு மூலை மூன்று என்றால்தான் வினை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து வரும் பைப் இறங்காது, இந்தக் கட்டடம் இறங்கும், நடுவில் பைப்பின் கழுத்து நெரியும்.

இனி "இறுக்கத் தெரியாதா" என்ற பாகத்துக்கு வருவோம்.

புட்டுக்கு மாவு பிசிறிப் பார்த்தவர்களுக்கு இது எளிது. தண்ணீர் குறைந்தால் மாவு பிடிபடாது, கூடினால் களியாகிவிடும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மண்ணுக்கும் அதே பதம்தான். அந்தப் பதத்தை 1933-ல் எண்ணாக மாற்றியவர் லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர்த் துறையில் அணை வேலை பார்த்த ரால்ஃப் புரோக்டர். ஓர் உருளை அச்சில் மண்ணைப் போட்டு, குறிப்பிட்ட எடைச் சுத்தியலைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போட்டுக் குத்துவது. எந்த ஈரத்தில் அதிக அடர்த்தி வருகிறதோ அதுதான் இலக்கு. சைட்டில் அந்த அடர்த்தியில் 95 சதவீதம் வந்தால் பாஸ்.

ஆனால் எதில் 95? இங்கேதான் ஓட்டை. லேசான சுத்தியல் சோதனை ஒன்று, கனமான சுத்தியல் சோதனை ஒன்று என இரண்டு உண்டு. நம் ஊர் விதிப்படி 2.6 கிலோ சுத்தியலை 310 மில்லிமீட்டரிலிருந்து போடுவது ஒன்று, 4.9 கிலோ சுத்தியலை 450 மில்லிமீட்டரிலிருந்து போடுவது மற்றொன்று. அடியின் மொத்த ஆற்றல் ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். லேசான சோதனையில் 95 வாங்கிய மண், கனமான சோதனையில் தேறாமல் போகலாம். எந்தக் கேள்வித்தாளில் வாங்கிய மார்க் என்று கேட்காமல் மார்க்கை மட்டும் பார்ப்பது போன்றது. மிட்லண்டில் நடந்த விசாரணைகளில் இதுவும் கிளறப்பட்டது. வழக்கமான கனச் சோதனையின் ஆற்றலில் பாதிகூட இல்லாத, தங்களுக்கென மாற்றிக்கொண்ட ஒரு சோதனை அங்கே புழக்கத்தில் இருந்தது. ஒரு ஆவணம் ஒன்று சொல்ல, இன்னொன்று வேறு சொன்னது. ஈரப்பதக் கட்டுப்பாடும் சரியில்லை. களிமண்ணும் மணலும் கலந்து கிடைத்ததைக் கொட்டியதில் ஒரு இடம் கல்லாகவும் பக்கத்து இடம் சோறாகவும் இருந்தது. இத்தனைக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன.

ரிப்போர்ட் இருந்தும் மண் எப்படி இளகியிருக்க முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். இல்லை, கேளுங்கள், என்னிடம்தான் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. தரைக்கு அடியில் கிராவல் நிரப்பும் வேலை. கிரேடு பீமுக்கு, அதாவது தரை மட்டத்தில் ஓடும் கான்கிரீட் பீமுக்கு, நடுவே உள்ள கட்டங்களில் ரோலர் இறங்காது. திமுசுக்கட்டையாலோ சின்ன மெஷினாலோதான் குத்த வேண்டும். சாயங்காலம், எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் மணல் டெஸ்ட்டுக்கு நான் குழி தோண்டப் போனால் மேஸ்திரி, "சார், பீம் ஓரத்துல போட்டா வராது சார். நடுவுல போடுங்க, அங்கதான் மெஷின் நல்லா ஓடிருக்கு" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஓரத்தில் வராது என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார், நான் நடுவில் தோண்டி 97 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு மழைக்காலம் போனது. சுவர் ஓரமாகத் தரை இரண்டு விரல் அளவு கீழே போய், ஸ்கர்ட்டிங் டைல்ஸ் அந்தரத்தில் நின்றது. உடைத்துப் பார்த்தபோது கிராவல் கட்டிகளுக்கு நடுவே விரல் போகும் சந்து. கட்டிகள் கெட்டி, அதனால் மேலே நின்றால் உறுதியாகத் தெரியும். தண்ணீர் இறங்கியதும் கட்டி கரைந்து சந்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கையெழுத்து இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும்.

மிட்லண்டுக்கே திரும்புகிறேன். என்னைக் கேட்டால் அங்கே நடந்த பெரிய தப்பு 1978-ல் அல்ல, 1977-ல். அதே நிரப்பு மண் மேல் கட்டிக்கொண்டிருந்த நிர்வாகக் கட்டடத்தின் கிரேடு பீம் இறங்கியது. ஆபீஸ் கட்டடம்தானே, அணுப் பாதுகாப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அடியில் இருந்த மண்ணை வாரி எடுத்துவிட்டு, சிமெண்ட் குறைவான கான்கிரீட்டைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இந்த இடத்தில் மட்டும் உள்ள கோளாறு என்று முடிவு. அதே லாரி, அதே மண், அதே ரோலர், அதே ஆட்கள். அது எப்படி இந்த இடத்தில் மட்டும் இருக்கும்?

சரிசெய்யும் முயற்சிக்கு ரால்ஃப் பெக் போன்ற மண்ணியல் ஜாம்பவானையே ஆலோசகராக வைத்தார்கள். வழி, பார்வைக்குச் சிரிப்பாக இருந்தாலும் சரியான வழிதான்: கட்டடத்துக்கு உள்ளேயும் சுற்றிலும் 20 அடி உயரத்துக்கு மணலைக் கொட்டி அழுத்துவது. களிமண் இறங்குவது என்றால் அதன் துளைகளில் உள்ள தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறுவதுதான். பின்னாளில் வரப்போகும் பாரத்தைவிட அதிகப் பாரத்தை இப்போதே ஏற்றினால், பல வருடங்களில் இறங்க வேண்டியது சில மாதங்களில் இறங்கி முடியும். பிறகு மணலை அள்ளிவிடலாம். 1979 ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரை அந்த மணல் அங்கே நின்றது. புதுக்கட்டடம் எழுப்பும் முன் காலி மனையில் இதைச் செய்வது வழக்கம். எழுப்பிய கட்டடத்தோடு சேர்த்துச் செய்ததுதான் வித்தியாசம். கட்டடம் மேலும் சில அங்குலம் இறங்கியது. இறங்க வேண்டும் என்பதற்காகத்தானே கொட்டினார்கள். ஆனால் வெடித்த சுவருக்குப் பழைய பலம் இருக்கிறதா என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

அந்த மணல் அங்கே கிடந்த காலத்தில்தான், மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் இன்னொரு அணுமின் நிலையமான த்ரீ மைல் ஐலண்டில் உலை விபத்து. அந்த உலையைத் தயாரித்ததும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ், மிட்லண்டின் உலைகளைத் தயாரித்ததும் அவர்களே. அதற்குப் பின் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எதையும் லேசாக விடுகிற மனநிலையில் இல்லை. டிசம்பர் 6, 1979-ல் மண் தொடர்பான வேலைகளுக்குத் தடை ஆணை போட்டது.

மணல் வைத்தியம் டீசல் கட்டடத்துக்கு மட்டும்தான். குளிர்விக்கும் நீருக்கான பம்ப் கட்டடத்தின் ஒரு பகுதியும், துணைக் கட்டடத்தின் இரு இறக்கைகளும் இதே நிரப்பு மண் மேல் இருந்தன. அவற்றுக்கு அடியில் சுரங்கம் போலத் தோண்டி, கெட்டித் தரை வரை புதுத் தூண்கள் இறக்கி, ஜாக்கி போட்டுப் பாரத்தை மாற்ற வேண்டும். மேலே ஆயிரக்கணக்கான டன் கான்கிரீட் நிற்கும்போது கீழே தோண்டுகிற வேலை இது. நிலநடுக்கத்தில் இளகிய மணல் குழம்பாகிவிடக் கூடாது என்று, நிலத்தடி நீரை எப்போதும் இறைத்துத் தாழ்வாக வைக்க நிரந்தரக் கிணறுகள் வேறு. இதற்கிடையே டீசல் கட்டடத்தை ஆய்வு செய்தவர்கள் மண்ணைத் தாண்டி மற்ற வேலைகளிலும் தரக் குறைபாடுகளைப் பட்டியலிட, 1982 டிசம்பரில் அணுப் பாதுகாப்பு தொடர்பான பெரும்பாலான கட்டுமான வேலைகள் நின்றன. 1983-ல் 1,20,000 டாலர் அபராதம். அதே வருடம் ஜூலையில் டவ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வழக்குப் போட்டது. 1984 ஜூலையில் கடையை மூடினார்கள். செலவு 400 கோடி டாலருக்கு மேல், வேலை ஏறக்குறைய 85 சதவீதம் முடிந்திருந்தது.

ஆகவே மண்தான் கொன்றதா? மண் மட்டும் இல்லை. வட்டி, த்ரீ மைல் ஐலண்டுக்குப் பின் மாறிய விதிகள், வாங்க வேண்டியவர் விலகியது எல்லாம் உண்டு. ஆனால் மண்ணால் போன வருடங்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வட்டியும் விதியும் அவ்வளவு தூரம் துரத்திப் பிடித்திருக்காது என்பது என் கணிப்பு. பிறகு அதே இடம் இயற்கை எரிவாயு நிலையமாக மாறி 1990-ல் ஓட ஆரம்பித்தது. அணு நிலையத்துக்காக வைத்த நீராவி டர்பைன் அதில் பயன்பட்டது. டவ்வுக்கு நீராவியும் கிடைத்தது!

கூடங்குளத்துக்கு இந்த ஆபத்து உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே உலைகள் பாறை மேல் நிற்கின்றன. மிட்லண்ட் போல முக்கியக் கட்டடம் ஆழமான நிரப்பு மண்ணில் இறங்கும் கதைக்கு அங்கே இடமில்லை. ஆனால் "பாறை மேல் இருக்கிறது" என்பதோடு எந்த நிலையத்திலும் கேள்வியை முடித்துவிடக் கூடாது. ஜப்பானின் காஷிவாசாகி கரிவாவைப் பாருங்கள். ஏழு உலைகள், ஜூலை 16, 2007-ல் 6.8 அளவில் நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த உலைகள் தானாக நின்றன, உலைக் கட்டடங்களுக்குப் பெரிய சேதம் இல்லை. சுற்றி நிரப்பியிருந்த மண்தான் இறங்கியது. மூன்றாம் உலையின் டிரான்ஸ்ஃபார்மர் ஓர் அடித்தளத்தில், அதோடு சேரும் மின் இணைப்பு வேறோர் அடித்தளத்தில். ஒன்று நிற்க மற்றொன்று இறங்க, இணைப்பு முறிந்து பொறி பறந்து எண்ணெய் தீப்பிடித்தது. அணைக்கலாம் என்று ஓடினால், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களும் அதே நிரப்பு மண்ணில்தான் புதைந்திருந்தன. அவையும் உடைந்துபோயிருந்தன. ஊர்த் தீயணைப்புப் படை வந்து அணைக்கும் வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துகொண்டிருந்தது.