கூலி கேட்கக் கூச்சம்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் 12 ஆண்டுகளாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். லைனிங் ஜாக்கெட்டுக்குக் கடைகளில் 500 ரூபாய் வாங்குகிறார்கள். நான் வாங்குவது 250. அதையும் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை. ‘கொடுக்கிறதக் கொடுங்கக்கா’ என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் புழுங்குகிறேன். காசில் குறியாக இருப்பது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்று அம்மா சொல்லி வளர்த்தார். கணவருக்குச் சம்பளம் வரும்போது எனக்கு எதற்கு இந்த ஆசை என்றும் தோன்றுகிறது. பணத்தை ஈர்க்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, கண்ணாடி முன் நின்று சொல்லச் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. இந்தக் குற்றவுணர்விலிருந்து எப்படி மீள்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்த வகுப்பை நடத்தியவர் தன் கட்டணத்தைக் கூச்சமில்லாமல் கேட்டிருப்பார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

என்னை நிறுத்தியது ‘கொடுக்கிறதக் கொடுங்கக்கா’ என்ற வரிதான். என் தாத்தா வாழ்நாள் முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் தச்சு வேலை செய்தவர். மிராசுதார் வீட்டுக் கலப்பைகளையும் வண்டிகளையும் ஆண்டு முழுவதும் செப்பனிட்டுவிட்டு, அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்த பிறகு, சலவை செய்பவரோடும் முடி திருத்துபவரோடும் ஓரமாகப் போய் நிற்பார். சிறுவனாக நானும் கூட நின்றிருக்கிறேன். குத்தகை நெல்லை மரக்காலில் கோபுரமாகக் குவித்து அளந்து வாங்கிய அதே ஆள், எங்கள் முறை வந்ததும் உள்ளங்கையால் வழித்துத் தலைதட்டி அளப்பார். வழிந்த நெல் குவியலுக்கே திரும்பிப் போகும். தாத்தா அதைப் பார்த்துக்கொண்டே துண்டை விரித்துப் பிடிப்பார். கேட்டிருந்தால் அதைக் கணக்கு என்று யாரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், திமிர் என்றிருப்பார்கள்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுப் போராடியதுதான் அதன் பின்னணி. கேட்டவர்களைத் தண்டித்த மண்ணில், கேட்காமல் இருப்பதே நல்ல குணம் என்று பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததில் வியப்பில்லை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆகவே உங்களுக்கு நாக்கு எழாததை மனக்கோளாறு என்று நான் நினைக்கவில்லை.

இனிக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. உங்களால் 250 ரூபாய்க்குத் தைக்க முடிவது, வீட்டுச் செலவைக் கணவரின் சம்பளம் பார்த்துக்கொள்வதால்தான். வெட்டி, பைப்பிங் வைத்து, ஹூக் கட்டி, எம்மிங் முடிக்க அரை நாள் போய்விடும். நூலும் மின்கட்டணமும் போக மிஞ்சுவதை வைத்து ஒருத்தி வாடகை கொடுக்க முடியுமா? தையலை மட்டுமே நம்பிப் பிள்ளைகளை வளர்க்கிறவள் உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே இருப்பாள். அவள் 450 கேட்டால், ‘அந்தக்கா 250க்குத் தைக்கிறாங்களே’ என்று உங்களைக் காட்டித்தான் பேரம் பேசுவார்கள். உங்கள் அடக்கத்துக்கான விலையை அவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் துறையிலும் இதுவே நடக்கிறது: ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ‘எழுத்துக்குக் காசா?’ என்று பெருந்தன்மை காட்டுவார். அதையே சாக்காக வைத்து, வேலையில்லாத இளைஞனின் கட்டுரைக்கும் பத்திரிகை காசு தராது. சோற்றுக்கு வேறு வழி உள்ளவர்கள் பணத்தைத் துச்சமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, தமவும் பிறவும் ஒப்ப நாடியவர்கள், அதாவது தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றுபோல மதித்தவர்கள் என்று புகழ்கிறது. தன் பொருளைக் குறைத்து மதிப்பதை அது எங்கும் நேர்மை என்று சொல்லவில்லை.

வாயால் கேட்க வராதென்றால் கேட்க வேண்டாம். சாதா ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட், புடவைக்கு ஃபால்ஸ் என்று வரிசையாக விலையை ஓர் அட்டையில் எழுதி, மெஷினுக்கு மேலே மாட்டுங்கள். இல்லாதவர்களுக்குச் சும்மா தைத்துக் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் விலை இன்னது என்று சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அட்டையை மாட்டிவிடுவது நல்லது. தீபாவளித் துணியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு விலையை ஏற்றினால், அப்போது வருகிறவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கும்.